கைபேசியில் வந்த மருந்துச் சீட்டு மெடிக்கலில் செல்லுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். மாமியாருக்கு 63 வயது, பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. தருமபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டிவந்தோம். கடைசியாகப் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சீட்டையே காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம் (மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1, டெல்மிசார்டான் 40). முட்டி வலியால் அத்தையால் பஸ் ஏறி இறங்க முடியவில்லை. அதனால் பெங்களூரில் வேலை பார்க்கும் என் கணவர் அங்கிருந்தே ஒரு ஆப் மூலம் வேறொரு டாக்டரிடம் போனில் பேசி, மருந்து எழுதி வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மெடிக்கலில் "இது செல்லாதும்மா" என்று திருப்பிவிட்டார்கள். அத்தை ராத்திரி தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலமும் கேட்டோம், அதை எழுதவே முடியாது என்றார் அந்த டாக்டர். ஆன்லைன் சீட்டு செல்லுமா, செல்லாதா? மாத்திரை இன்னும் ஆறு நாளைக்குத்தான் இருக்கிறது. படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆன்லைன் சீட்டு செல்லும். தொலைமருத்துவத்துக்கான, அதாவது போனிலும் வீடியோவிலும் டாக்டர் பார்ப்பதற்கான, நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளிவந்தன. அவற்றின்படி, பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், எந்த ஊர் நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம், சீட்டும் எழுதலாம். பெங்களூர் டாக்டர் எழுதியதால் தருமபுரி மாவட்டத்தில் செல்லாது என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் உங்களிடம் இருக்கும் இந்தச் சீட்டை மெடிக்கலில் திருப்பி அனுப்பியது சரிதான். அவர் மேல் வருத்தப்படாதீர்கள், உங்கள் அத்தைக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேலே டாக்டர் பெயர், நடுவில் இரண்டு மருந்து, அதோடு படம் முடிந்துவிடுகிறது. இது சீட்டு இல்லை, சீட்டின் ஸ்கிரீன்ஷாட். பெரும்பாலான ஆப்களில் சீட்டு பி.டி.எஃப். கோப்பாக வரும். டாக்டரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் அதன் அடியிலோ இரண்டாம் பக்கத்திலோ இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது வெட்டுப்படுவது அந்தப் பகுதிதான். எப்போதும் அந்தக் கோப்பையே அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.

மெடிக்கலில் எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் நீங்களே முன்கூட்டிச் சரிபார்க்கலாம். டாக்டரின் பெயர், படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், முகவரி, தொடர்பு எண் இருக்க வேண்டும். தேதி இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், வயது, பாலினம், முகவரி வேண்டும். இங்கே நோயாளி உங்கள் அத்தை. ஆப்பில் கணக்கு வைத்திருப்பவர் உங்கள் கணவர் என்பதால் பல சமயம் அவர் பெயரிலேயே சீட்டு அச்சாகிவிடும். 35 வயது ஆண் பெயரில் வந்த சீட்டுக்கு 63 வயது அம்மாவின் மாத்திரையைக் கொடுக்க எந்த மருந்தாளுநரும் தயங்குவார். மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாக டாக்டரின் கையெழுத்தோ மின்கையெழுத்தோ வேண்டும். இதில் எது விட்டுப்போயிருந்தாலும் அழைப்பு முடிவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். மறுநாள் அதே டாக்டரைப் பிடிப்பது சிரமம்.

பதிவு எண்ணை நீங்களும் சரிபார்க்கலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயரையோ எண்ணையோ மாநிலக் கவுன்சிலையோ கொடுத்துத் தேடலாம்.

போன் திரையை நீட்டுவதைவிட, சீட்டை அச்செடுத்துக்கொண்டு போவது நல்லது. மருந்து கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் சீட்டின் மேல் குறிக்க வேண்டும் என்பது 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் இருக்கிறது. போன் திரையில் எதைக் குறிப்பது? ஹெச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்கு, அதாவது சில ஆன்டிபயாடிக், காசநோய், தூக்க மருந்துகளுக்கு, டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அரைகுறைப் படத்தை வைத்து மெடிக்கல்காரரால் அதை எழுத முடியாது. ஆப் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்த மெடிக்கலில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம்.

இப்போது இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த பி.டி.எஃப். முழுதாகக் கிடைத்தாலும், தயவுசெய்து அதை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

அந்த டாக்டர் உங்கள் அத்தையைப் பார்க்கவே இல்லை. பேசியது மகன், அதுவும் வெறும் குரல் அழைப்பில், வேறு ஊரிலிருந்து. நோயாளி சுயநினைவோடு தானே பேசக்கூடியவராக இருந்தால், அவர் இல்லாமல் வீட்டார் மட்டும் பேசி மருந்து வாங்க நெறிமுறை பொதுவாக இடம் தருவதில்லை. 16 வயது வரையுள்ள பிள்ளைகள், மறதி நோயாலோ ஊனத்தாலோ பேச முடியாதவர்கள், முறையாக ஒப்புதல் எழுதிக் கொடுத்தவர்கள் ஆகியோருக்குத்தான் அது. இன்னொன்று, ஒரு டாக்டரிடம் முதல் முறை பேசும்போது, சர்க்கரை, பிரஷர் போன்ற நீண்டநாள் நோய்க்கான மருந்தை அவர் தொடர்ந்து எழுத வேண்டுமானால் அது வீடியோவாக இருக்க வேண்டும். குரல் அழைப்பில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். மாதிரிச் சாதாரண மருந்துகளைத்தான் எழுதலாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதெல்லாம், நேரில் பார்த்த டாக்டர் அதே நோய்க்குத் தொடர்ந்து பார்க்கும்போது செய்ய வேண்டியது.

இது காகிதச் சட்டம் மட்டும் இல்லை என்பதற்கு உங்கள் படமே சாட்சி. அதில் "கிளிமிபிரைடு 2 + மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்." என்று ஒரே மாத்திரையாக எழுதியிருக்கிறது. வீட்டில் அத்தையிடம் கிளிமிபிரைடு 1 தனியாக, மெட்ஃபார்மின் தனியாக இருக்கிறது. பழையதை நிறுத்தச் சொல்லிச் சீட்டில் ஒரு வரி கூட இல்லை. புதிய மாத்திரை வீட்டுக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "டாக்டர் கூட ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். 1 மில்லிகிராம் போட்டவர் ஒரே நாளில் 3 மில்லிகிராம் போடுவார். கிளிமிபிரைடு சர்க்கரையை மிகவும் கீழே இறக்கிவிடக்கூடிய மாத்திரை. வயதானவர், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், காலையில் களி சாப்பிட நேரமாகிவிட்டால், அன்றைக்கே மயக்கம் வரலாம்.

எந்த டாக்டர் புதுச் சீட்டு கொடுத்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போனை வைக்காதீர்கள்: "இதுவரை போட்டதில் எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சர்க்கரை இறங்கியதன் அடையாளங்களையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. திடீர் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம். மிஷினில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சரி, ஆன்லைனை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. உங்கள் நிலைமைக்கு அது நல்ல துணை. அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. நேரில் பார்த்த அதே டாக்டரிடம், அதே நோய்க்காக, ஆறு மாதத்துக்குள் பேசுவதைத் தொடர் ஆலோசனை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆறு மாதமும் அவர் போனிலேயே மருந்தைத் தொடரலாம், தேவைப்பட்டால் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். எட்டு மாதம் ஆகிவிட்டதால் இப்போது தருமபுரி டாக்டரிடமே போன் போட்டாலும் அது முதல் ஆலோசனைக் கணக்குதான். ஆகவே ஒருமுறை சிரமப்பட்டு அத்தையை நேரில் அழைத்துப் போங்கள். போகும்போதே "அடுத்த ஆறு மாசம் வீடியோவில் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறினால் போதும், மீதி வீட்டிலிருந்தே.

அந்த ஒரு நேர்ப் பயணம் கட்டாயம் ஏன் என்றும் சொல்கிறேன். மெட்ஃபார்மினும் டெல்மிசார்டானும் சிறுநீரகத்தைப் பொறுத்து அளவு மாற்ற வேண்டிய, சில சமயம் நிறுத்தவே வேண்டிய மருந்துகள். எட்டு மாதமாக யாரும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கவில்லை. ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து தர வேண்டும், திரும்பத் தரலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய. பழகிய முகம் என்று கடையில் கொடுத்துவிடுகிறார்கள், அது உதவி மாதிரித் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லாமல் போய்விடுகிறது. கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரில் புரதம், கண் விழித்திரை, பாதம் ஆகியவற்றை இந்த முறை பார்த்துவிடுங்கள். முட்டி வலிக்கு அத்தை கடையில் கேட்டு வாங்கி ஏதாவது மாத்திரை போடுகிறாரா? அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அநேகமாக இருக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம் இருந்தால் அதையும்.

அடுத்து வீடியோவில் பேசும்போது செய்ய வேண்டியது. டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது. அந்தக் குறையை நீங்கள் அளந்து வைத்திருக்கும் எண்கள்தான் நிரப்பும். "சுகர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் அளவு முடிவு செய்ய முடியாது.

பிரஷரை அழைப்புக்கு முன் ஏழு நாள், காலையும் மாலையும் பாருங்கள். முடியாவிட்டால் மூன்று நாளாவது. கையில் சுற்றும் மிஷின்தான் வேண்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பார்ப்பதற்கு அரை மணி முன் காபி, டீ, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். ரவிக்கைக் கைக்கு மேலே சுற்றாதீர்கள், தோலின் மேல் சுற்ற வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கைக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும், கை மார்பு உயரத்தில் ஒரு தலையணை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். நல்லதாகத் தெரியும் எண்ணை மட்டும் எழுதும் வழக்கம் பலருக்கும் உண்டு. அது வேண்டாம்.

சர்க்கரை பார்ப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். நம் பக்கம் மாம்பழ சீசனில் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு ரத்தத்தோடு கலந்து, இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டும். வெறும் வயிற்றில் என்றால் எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும். சாப்பிட்ட பின் என்றால் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம், சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை. ஸ்டிரிப் டப்பாவின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து ஆப்பில் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். பெயரும் மில்லிகிராமும் இருக்கும் பக்கம் தெரிய வேண்டும். நாலு மாத்திரை மட்டும் வாங்கினால் கத்தரியில் வெட்டித் தருவார்கள், பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். முடிந்தவரை முழு அட்டையாக வாங்குங்கள், இல்லையென்றால் கடையிலேயே முழு அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் தரையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் விழாமல் நேர் மேலிருந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக எடுங்கள்.

பேசும்போது அத்தை திரையில் இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில். கணவர் பெங்களூரிலிருந்து சேர்ந்துகொள்ள முடிந்தால் சேரட்டும், ஆனால் அத்தையின் உடம்பை அத்தையே சொல்லட்டும். தமிழ் பேசும் டாக்டரைத் தேர்ந்தெடுங்கள், ஆப்பில் மொழி கேட்பார்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் இருட்டாகிவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் பாதத்தைக் காட்டுங்கள்: அடிப்பாதம், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் அது நீர் கோர்த்த வீக்கம், கேமராவில் அதை அப்படியே காட்டுங்கள். சிக்னல் விட்டுப்போய்க் குரல் மட்டும் கேட்டால் "வீடியோ வரலைங்க டாக்டர்" என்று சொல்லி, வேறு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ஒரு படிவத்தை நிரப்பினாலே சீட்டு தரும் இடங்கள் உண்டு. மருந்து விற்கும் தளங்கள் சிலவற்றில், ஆர்டர் போட்ட பிறகு யாரோ அரை நிமிடம் பேசிச் சீட்டை ஏற்றிவிடுகிறார்கள். நோய் என்னவென்று ஒரு முடிவுக்கு வராமல் மருந்து எழுதுவது மருத்துவருக்கே தொழில் ஒழுங்கீனம். கணினியே பதில் சொல்லி மருந்து எழுதவும் அனுமதி கிடையாது. அப்படி வந்த சீட்டு மெடிக்கலில் செல்லுபடியானாலும் அத்தைக்கு அதை வாங்காதீர்கள்.

தூக்க மாத்திரை எழுத மறுத்த விஷயத்தில் அந்த டாக்டர் செய்தது சரி. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளையும் எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் (கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டியவை) தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது. அல்பிரசோலம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. பழக்கமாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த வயதில் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. அத்தை இதை மாதக்கணக்கில் தினமும் போட்டுவருகிறார் என்றால், கிடைக்கவில்லையே என்று ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நடுக்கம், தூக்கமே இல்லாமை, சிலருக்கு வலிப்பு கூட வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர் அளவு சொல்லித்தான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரில் காட்டுங்கள். தூக்கம் கெடுவதற்குச் சர்க்கரையே காரணமாக இருக்கலாம் என்பதையும் கேளுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் ராத்திரி நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்தாலே சிலருக்குத் தூக்க மாத்திரை தேவைப்படாமல் போகும்.

இனி அந்த ஆறு நாள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஓட்டாதீர்கள். இரண்டு நாளுக்குள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கோ அத்தையை ஒரு ஆட்டோவில் அழைத்துப் போய்ப் பழைய சீட்டைக் காட்டுங்கள். பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். அந்த இரண்டு நாளில் போகவே முடியாது என்றால் அரசின் ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் முயலுங்கள், கட்டணம் இல்லை. செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். நோயாளி விவரத்தில் அத்தையின் பெயரையும் வயதையும் கொடுங்கள், பழைய சீட்டை ஏற்றுங்கள், டோக்கன் வரும், வரிசையில் காத்திருந்தால் டாக்டர் வீடியோவில் வருவார். முடிந்ததும் சீட்டை இறக்கிக்கொள்ளலாம்.

சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் மக்களைத் தேடி மருத்துவத்தில் அத்தையின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. நடக்கச் சிரமப்படும் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்குத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்து மாத்திரை கொடுப்பார். அந்த மாத்திரை வந்ததும், தனியார் டாக்டரின் பழைய மாத்திரையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் படியுங்கள். நிறமும் அளவும் வேறாக இருந்தாலும் மூலப்பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே மருந்துதான், ஒன்றை மட்டும்தான் போட வேண்டும். பெயர் புரியவில்லை என்றால் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு, உங்களைத் திருப்பி அனுப்பிய அந்த மெடிக்கலிலேயே கேளுங்கள்.

காத்திருக்கும் இந்த நாட்களில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் கோணுவது, வாந்தியோடு சர்க்கரை 300-க்கு மேல், காலில் கறுத்த புண், இதில் எது வந்தாலும் ஆப்பைத் திறக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.